நீ நம்பாத கோடுகள்

அன்பு மாப்ள முருகேசா,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நம் ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. நாம் நாள்கணக்கில் காத்துக் கிடந்த புரோகிராம் ஓட்டத்தை இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகின்றன. உன் ஃபைல்களை மட்டும் யாரும் அழிக்கவில்லை. திரையில் உன் பெயர் வரும்போதெல்லாம் பின்னால் நீ நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

எண்ணெய், தண்ணீர், சோப்பு மூன்றையும் திரைக்குள் துகள்களாகக் கலந்து, மேல்பக்கத்தை ஒரு திசையிலும் கீழ்ப்பக்கத்தை எதிர்த்திசையிலும் இழுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வேகம் கூடக் கூடத் துகள்கள் வரிசை வரிசையாய்க் கோடு கட்டின. நான் குதித்தேன். நீ உம்மென்று இருந்தாய்.

"மாப்ள, இம்புட்டு அழகா வந்தா எங்கயோ தப்பு இருக்குடா. சூட்டை அளக்குறதுலதான் கோளாறு."

"போடா, நல்லது நடந்தாலே உனக்கு ஆகாது" என்றேன்.

அடுத்த வாரம் திண்டுக்கல் ரோட்டில் லாரி உன்னைக் கொண்டுபோனது. அதே மாதம் அந்தக் கோடுகளைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன், உன் பெயரை முதலில் போட்டு. அதை அஞ்சலி என்று சொல்லிக்கொண்டேன். நீ வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரம் பார்த்துச் செய்தேன் என்பதுதான் நிஜம்.

போன வாரம் பழைய புரோகிராமைத் திறந்தேன். நீ சொன்ன இடத்திலேயே கோளாறு. பஸ் ஓடும் வேகத்தையும் உள்ளே இருப்பவர்களின் குலுக்கலோடு சேர்த்து அளந்த மாதிரி, துகள்களின் ஓட்டத்தையும் சூடென்று எண்ணி அடக்கியிருக்கிறேன். அந்த அடக்கலில்தான் அவை கோடு கட்டியிருக்கின்றன. திருத்தி ஓட்டினேன். கோடு ஒன்றுகூட வரவில்லை.

விளாங்குடி வீட்டில் உன் அப்பா அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை. அவரிடம் எந்த வாயால் சொல்வேன் என்று இருந்தது. நேற்று போய்ச் சொல்லிவிட்டேன்.

"இது அவனுக்குத் தெரியுமாப்பா?" என்றார்.

"தெரியும்ப்பா. அவன் அப்பவே சொன்னான். நான்தான் கேக்கல."

எழுந்து போய் மாலையை விலக்கினார். கட்டுரை இருந்த சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தப்புன்னு சொன்ன பய பக்கத்துலயா இம்புட்டு நாளா இதை மாட்டி வச்சிருந்தேன்?"

சட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன் மாப்ள. பிழை என்னுடையது, கண்டுபிடித்தவன் நீ என்று அதில் இருக்கிறது. நாளைக் காலை கட்டாயம் அனுப்பிவிடுவேன். இதிலும் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவையும் உன்னைக் கேட்க முடியவில்லை.

உன் பேச்சைக் கேட்காத மாப்ள,
பாண்டி