பூச்சில் குறை இல்லை

என் வாயாடிக்கு,

அப்பா நன்றாகப் பேசுகிறார். வார்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி கம்பெனி ஸ்டென்ட் இது. அவ கண்ணுக்குத் தப்பி ஒரு தூசிகூட வெளிய போகாது" என்று பீற்றிக்கொள்கிறார். நர்ஸுக்கு மட்டும் மூன்று தடவை சொல்லியாயிற்று.

ரத்தக்குழாய் மறுபடி சுருங்காமலிருக்கத்தான் ஸ்டென்ட் என்கிற அந்தக் கம்பிவலையில் மருந்து பூசுகிறோம். அந்தப் பூச்சை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்தே பதினோரு வருஷத்தில் என் கண் கெட்டது. அப்பாவுக்கு இரண்டாவது தடவையும் வலைக்குள் சதை வளர்ந்து அடைத்துவிட்டது. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே வைக்க இடமில்லம்மா. ஆபரேஷனைத் தாங்கவும் இதயத்துல தெம்பு இல்ல" என்றார். அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

இன்று வேலைக்குப் போய், அவருக்கு வைத்த ஸ்டென்டின் எண்ணைப் போட்டு, நான் பார்த்து அனுப்பிய படங்களைத் தேடி எடுத்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. இருந்திருந்தால் என்னையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

பரீட்சையை முடித்துவிட்டு நிதானமாக வந்தால் போதும் என்று உனக்கு எழுதச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அப்பா பேச்சைத் தட்டாதவள் நீ.

இந்த ஒரு தடவை தட்டிவிடு.

அம்மா