போனை வாங்கிவிடாதே, தம்பி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
22-2-2009, ஞாயிறு.

அன்புள்ள தம்பி அப்பாதுரைக்கு,

அக்கா லோகாம்பாள் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ துபாயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா உன்னிடம் கேட்டிருக்கிறாரே ஒரு பெரிய ஸ்கிரீன் போன், அதை வாங்கிவிடாதே. வாங்கியிருந்தால் கடைக்காரன் கையைக் காலைப் பிடித்தாவது திருப்பிக் கொடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இதற்குப் போய் அக்கா ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது உன் மாமா இடுப்பில், வேட்டி மடிப்பில் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் ஜன்னலில் வைப்பார், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். நீ பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்தின் போனில் பேசலாம்தான். அவள் காதில் விழுந்தால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இது தெருவுக்குத் தெரியக் கூடாத சங்கதி. என் எழுத்து ஏன் இவ்வளவு பொடியாக இருக்கிறது என்று எரிச்சல்படாதே. வேண்டுமென்றுதான் இப்படி எழுதுகிறேன்.

நாங்கள் பத்து வருஷமாகக் காசிநாதன் கடைக்குத்தான் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறோம் என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் என்ன கலர் வேண்டுமோ அந்தக் கலரில் ஒரு துண்டு நூலை மடித்து ஆளிடம் கொடுத்தனுப்புவார். உன் மாமா அதை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாயத்தைக் கலக்குவார். அச்சாக அதே கலர் வந்துவிடும். போன தீபாவளியிலிருந்து கடையில் காசிநாதன் மகன் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் போனில் படமாக அனுப்புகிறான். வெளிநாட்டுக் கல்யாண வீட்டார் கேட்கிற கலராம். நீ மூன்று வருஷத்துக்கு முன்பு கொடுத்த போனில் அந்தப் படம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. கத்தரிப்பூ கலர் கேட்டார்கள், நாவல்பழக் கலரில் போய்ச் சேர்ந்தது. வெளிர்நீலம் கேட்டார்கள், பள்ளிக்கூட யூனிபாரத்துக்கு ஆகிற நீலத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டு தடவையும் நூல் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாவதும் தப்பானால் ஐயம்பேட்டையில் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் காசிநாதன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில், படம் சின்னதாகத் தெரிகிறதோ என்னவோ, நல்ல போனாக வாங்குங்கள் பரசுராமன் என்று ஒரு வார்த்தையும் விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. "நகத்தளவு படத்த வச்சிக்கினு மனுசன் எப்டி சாயம் போடறது? ஸ்கிரீன் பெரிசா இருந்தா நான் ஏன் தப்பு பண்றேன்?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறார். பேப்பரில் வந்த போன் விளம்பரத்தை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். காலையில் விபூதி பூசிக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்போது எதைக் கும்பிடுகிறார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தெருவில் யார் புதுப் போன் வாங்கினாலும் கையை நீட்டி வாங்கி, மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது பத்தாது" என்று திருப்பிக் கொடுக்கிறார். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

போதாததற்கு வேட்டிச் சண்டை வேறு. இருபத்திரண்டு வருஷமாக அவர் வேட்டியைத் துவைக்கிறேன், ஒரு குறை சொன்னதில்லை. இப்போது இரண்டு மாதமாக, "இன்னாத்த துவைச்ச, மஞ்சளா பழுப்பேறிப் போயிருக்குது" என்று தூக்கி எறிகிறார். எனக்கும் ரோஷம் வந்து நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள் என்றேன். துவைத்தார். பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலத்தை நாலு சொட்டு விடுகிற இடத்தில் அரை பாட்டில் கவிழ்த்து, முக்கி எடுத்து, "பாரு, வெள்ளைன்னா இதான் வெள்ளை" என்று கொடியில் விரித்தார். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், ஆகாசம் மாதிரி இருந்தது. அதையே கட்டிக்கொண்டு கச்சபேஸ்வரர் கோயிலுக்கும் வந்தார். பூக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னாக்கா, அண்ணன் வேட்டியும் சாயத் தொட்டியிலதான் நனையுதா?" என்றாள். வம்புக்கென்றே செய்கிறார் என்று நினைத்து வீட்டுக்கு வரும்வரை நான் அவரிடம் பேசவில்லை.

சுகாசினிக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாவது பரீட்சை. அவளைப் படிக்க விடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. புஸ்தகத்தோடு உட்கார்ந்தால் போதும், "அம்மாடி, இங்க வா, இந்த நூலு இன்னா கலரு சொல்லு பார்க்கலாம்" என்று கூப்பிடுகிறார். அவள் சொன்னதும், கரெக்ட் என்று தலையில் தட்டிவிட்டு அனுப்புகிறார். மகளுக்குக் கண் பழக்குகிறாராம், அப்படித்தான் நானும் நினைத்தேன். பரீட்சை நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன். இப்போது நினைத்தால் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வாரம் காசிநாதன் மூன்றாவது நூலை அனுப்பினார். படம் கிடம் எதுவும் வேண்டாம் என்று பழையபடி மாதிரி நூலையே கொடுத்தனுப்பியிருந்தார். மயில்கழுத்து. உன் மாமா கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கலர் அது. ஒரே ஒரு சிட்டம் நூலை முதலில் நனைத்துப் பார்த்தார். கையில் மாதிரி நூல், பக்கத்தில் நனைந்த சிட்டம், இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பார்த்தியா, சொன்னேன் இல்ல, எல்லாம் அந்தப் போனாலதான். நூலக் குடுத்தா தப்பே வராது" என்று சிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். மாதிரி மயில்கழுத்தாக இருந்தது. சிட்டம் வெறும் பாட்டில் பச்சை. அதில் நீலம் என்பது மருந்துக்கும் இல்லை.

எனக்கு அப்போதுதான் வேட்டி ஞாபகம் வந்தது. அவரோ மீதி நூலை எல்லாம் அள்ளிக்கொண்டு அண்டாவுக்குப் போகிறார். அது முங்கிவிட்டால் காசிநாதன் போய்விடுவார், நாளைக்கே ஊர் முழுக்கக் காரணமும் கேட்கும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தடுக்கி விழுகிற மாதிரி விழுந்து அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். முழங்காலில் கொப்புளம். இரண்டு நாள் ஆனபின்பும், "கண்ணு எங்க வச்சிக்கினு நடக்கற?" என்று திட்டிக்கொண்டிருந்தார். அதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன் பார். மறுபடி சாயம் கலக்கியபோது சுகாசினியைப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் அவளைக் கேட்பதும் அவள் சொல்வதுமாக மயில்கழுத்து சரியாக வந்துவிட்டது. காசிநாதன் நேற்றுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு கலர் தரப்போகிறாராம், வைகாசியில் நூல் வரும். சுகாசினி அப்போது எந்தக் காலேஜில் இருப்பாளோ.

புரைதான், தம்பி. இரண்டு கருமணியிலும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, வலதில் கூடுதலாக. மறுநாள் அவர் தூங்கி எழுந்தவுடன் கிட்டப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கே நேராகக் கேட்டும் விட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க என்று. எனக்கு ஒன்றுமில்லை, போன்தான் சரியில்லை என்று கத்தினார். அவர் அண்ணன் கண் ஆபரேஷன் செய்துகொண்ட நாலாம் நாளே தலைக்கு ஊற்றிக்கொண்டு, சீழ் பிடித்து, அந்தக் கண்ணே போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை. கடைசியில் குரல் இறங்கி, "கண்ணு போச்சுன்னு ஊர்ல தெரிஞ்சா எவன்டி எனக்கு நூலு குடுப்பான்?" என்றார். அப்படியானால் அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் போன் போன் என்று எல்லோர் உயிரையும் வாங்குகிறார். கோபம் கோபமாக வருகிறது எனக்கு. அந்த மனுஷன் மகளைக் கூப்பிட்டுக் கலர் கேட்கிறபோது அவர் முகத்தைப் பார்த்தால் அழுகையும் வருகிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான். பங்குனி உத்திரத்துக்கு லீவில் வருகிறாய் அல்லவா, பத்து நாள் முன்னதாகவே வர முடியுமா பார். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை பேசும்போது, போனைச் சென்னையிலேயே வாங்கலாம், மாமாவே கடைக்கு வந்து கலர் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளட்டும், அவரை மட்டும் விமான நிலையத்துக்கு அனுப்பு என்று சொல்லு. ஸ்பீக்கரில்தான் இருக்கும், நன்றாகச் சத்தமாகவே சொல்லு. போனுக்காக அவர் நடந்தேகூட வருவார். அங்கே முதலில் நல்ல கண் ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ. சென்னையில் அவரை யாருக்கும் தெரியாது, யாரும் காசிநாதனிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னால் மல்லுக்கு நிற்பார், நீ சொன்னால் கேட்பார். உன்னிடம் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, அவர் தன் வேட்டியை ஒரு தடவை பார்க்கட்டும். அதற்கு அப்புறமும் பெரிய ஸ்கிரீன் வேண்டும் என்றால் கதவு அளவு போனாகவே வாங்கிக் கொடு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அவரை ஏமாற்றிக் கூட்டிப்போவது எனக்கும் பிடிக்கவில்லைதான். வேறு வழி தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் சாயப்பட்டறையிலிருந்து வந்துவிட்டார். ஒளித்து வைக்க நேரமில்லை. யாருக்கு என்றார். தம்பிக்கு என்றேன். "போன் விசயம் எழுதினியா?" என்றார். முழுக்க அதுதான் என்றேன், பொய் இல்லையே. குடு என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன். படிக்கிற மாதிரி மெதுவாக மேலிருந்து கீழே தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "மாடல் நம்பரு இங்கதான எழுதியிருக்கிற?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். அவர் அண்ணனுக்குக் கண் போனதைப் பற்றி எழுதிய வரி அது.

ஆமாம், அங்கேதான் என்றேன்.

"ம், சரியாத்தான் எழுதியிருக்கிற" என்று கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்குத் தபாலாபீசுக்குத் தானே போய்ப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டார். விலாசத்தை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் ஏகாம்பரநாதர் காப்பாற்றட்டும். சீக்கிரம் வந்துவிடு தம்பி.

உன் வருகைக்காகக் காத்திருக்கும் அக்கா,
லோகாம்பாள்