குரல் இல்லாத இசைத்தட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் ஓய்வு பெற்றேன். குடிநீர் அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி நேரம் பார்த்து என்ன ஆகப்போகிறது? பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜாஸ் கேட்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். நீ மேல்படிப்புக்குப் போயிருந்தபோது, அறைக்கு வெள்ளையடிக்கவென்று உன் நாற்பத்தொரு இசைத்தட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான். அதோடு நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. இருபத்தாறு வருஷம். பத்துத் தட்டு சேர்க்கிறேன். சேர்ந்ததும் ஒருநாள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போயேன்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. வருவதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம்.

ஒரேயடியாகப் பத்தையும் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி ஒரு மாதம் கேளுங்கள், பிறகு அடுத்தது. முதல் தட்டின் பெயர் தனிச் சீட்டில் இருக்கிறது. டிரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ், நாலே பேர். நாற்பத்தொன்றில் அதுவும் ஒன்று. உறையில் என் கையெழுத்து இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

கழுதைக்குக் கற்பூரம் மணக்க ஆரம்பித்துவிட்டது! தினமும் இரண்டு தடவை கேட்கிறேன். என்ன விறுவிறுப்பு! பதினாலே நிமிஷத்தில் ஒரு பக்கம் பறந்துவிடுகிறது. உன் அண்ணி, "பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுறாங்க இவங்க?" என்கிறாள். அடுத்ததை எழுது.

அண்ணன்

மே 2

அண்ணனுக்கு,

மகிழ்ச்சி. அப்படியே கேட்டு வாருங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு மூன்று பெயர்கள் இத்துடன். எல்லாம் வாத்தியம் மட்டும். பாடகர்களுக்கு அவசரமில்லை.

தம்பி

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாலு சேர்ந்துவிட்டது. நாலாவதில் சாக்ஸபோன்காரர் தனியாக வாசிக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அண்ணியிடம் தூசி என்று சொல்லிவைத்தேன். இதையா கிலோ கணக்கில் போட்டேன்? வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துக் கேட்க வைக்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். பத்து வரை காத்திருக்க வேண்டாம். வா.

அண்ணன்

ஆகஸ்ட் 24

அண்ணனுக்கு,

பிளேயரில் 33, 45 என்று போட்ட சுவிட்ச் ஒன்று இருக்கும், தட்டு சுழலும் வேகத்துக்கு. அதை 33-க்குத் திருப்புங்கள்; இத்தனை நாளும் 45-இல் வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள். அந்த முதல் தட்டின் பக்கம் பத்தொன்பது நிமிடம். நீங்கள் பதினாலு என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. மனிதக் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் பாட்டுத் தட்டு எதையும் எழுதவில்லை. பத்தும் சேரட்டும், ஊரைக் கூட்டிப் பெருமை பேசட்டும், பிறகு நான் வந்து எல்லார் முன்னாலும் சுவிட்சைத் திருப்பலாம் என்றிருந்தேன். கண் கலங்கியதாக எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

தம்பி

செப்டம்பர் 3

தம்பிக்கு,

திருப்பினேன். நாலையும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, அறிமுகமில்லாதவர்கள் வாசிப்பதுபோல. நான் அழுத இடம் வந்தது, போய்விட்டது.

அருமை தெரியாமல் உன் தட்டுகளைப் போட்டேன். நீ தெரிந்தே செய்திருக்கிறாய். உன் அண்ணி, "விடுங்க, சின்னவர்தானே" என்றாள். "சின்னவனுக்கு ஐம்பத்திரண்டு ஆகுது" என்றேன்.

ஐந்தாவதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்

அக்டோபர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதுவது இது மூன்றாவது; முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டே பழகியவன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் பஸ் நிலையம் வரை வந்து திரும்பிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தொன்றுக்குப் பிறகு நான் ஒரு தட்டும் வாங்கவில்லை. என்னிடம் பிளேயரும் இல்லை. உங்களுக்கு எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்துதான்.

ஐந்தாவதாக என்ன வாங்கினீர்கள்? வேறெதுவும் எழுத வேண்டாம். பெயரை மட்டும் எழுதுங்கள். நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி