சீட்டு இல்லாதவள்

1855 பிப்ரவரி 12

திரோல் மலைக் குளிர் எலும்பைக் கடிக்கிறது. பூசை முடிந்து வரும்போதே, ஏழைகளுக்கு என் வீட்டு வாசலில் ஊற்றும் கஞ்சிக்கு வரிசை ஆற்றுப்பாலம் வரை நின்றது. போன பாஸ்குத் திருநாளுக்குப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ததாகப் பங்குச்சாமி எழுதித் தரும் சீட்டைக் காட்டினால்தான் கஞ்சியும் விறகும். நான் வைத்த சட்டம். வயிற்றோடு ஆத்துமமும் நிறையட்டுமே. பிரசங்கத்தில் சாமி புகழ்ந்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன்?

பிப்ரவரி 14

துணி வெளுக்கும் நோட்புர்கா கைக்குழந்தையோடு வந்தாள். சீட்டு இல்லை. கொல்லுப்பட்டறை அலோயிஸோடு ஏழு வருடக் குடித்தனம். சொத்தில்லாதவர்கள் என்று ஊர்ச்சபை கலியாணத்துக்கு அனுமதி தரவில்லை. கலியாணமாகாததால் சாமி பாவமன்னிப்புத் தரவில்லை. அவனைப் பிரிந்து வந்தால் சீட்டுக் கிடைக்குமே என்றேன்.

"பிரிஞ்சா இதுக்கு அப்பன் யாரும்மா?"

சட்டம் சட்டம்தான் என்று அனுப்பிவிட்டேன். சமையல்காரி கிரெசென்ஸ் கரண்டியைக் கொப்பரையில் ஓங்கிப் போட்டாள். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், கரண்டியே பேசும்.

பிப்ரவரி 20

குழந்தைக்கு இருமலாம். ஒரு கட்டு விறகு அனுப்பலாமா? அனுப்பினால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நாளை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் 1

குழந்தை போய்விட்டது.

கிரெசென்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வீட்டுக்குள்ளயே குடத்துத் தண்ணி உறைஞ்சு கெடந்துச்சாம்."

ஐயோ, என்ன செஞ்சுட்டேன். கொட்டகையில கூரை முட்ட விறகு கெடக்கே — எதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்?

மார்ச் 3

அடக்கத்துக்குப் போனேன். பெரிய வீட்டுக்காரர்களைக் கண்டால் செய்கிற பழக்கத்தில் நோட்புர்கா குனிந்து என் கையை முத்தமிட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 4

இனிச் சீட்டுக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிரெசென்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 18

பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியிடம் முழந்தாளிட்டு, ஒரு குழந்தையைக் குளிரில் சாகவிட்டேன் என்றேன்.

"சட்டப்படிதானே செஞ்சீங்க, அது பாவத்துல சேராது. வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றார் சாமி.

வேறு என்ன இருக்கிறது? மன்னிப்பு வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை.

ஏப்ரல் 8, பாஸ்கு

பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போனார்கள், நான் எழுந்து போகவில்லை. கோயிலே திரும்பிப் பார்த்தது.

ஏப்ரல் 16

சாமியின் உதவியாள் கோயில்பிள்ளை இந்த வருடப் பாஸ்குச் சீட்டுகளைச் சேகரிக்க வந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். "அம்மா மறந்திருப்பீங்க, நாளைக்கு வர்றேன்" என்றார். மறக்கவில்லை, என்னிடம் சீட்டு இல்லை என்றேன். பாவம், எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு நோட்புர்கா வீட்டுக்கு ஒரு வண்டி விறகு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வண்டி அப்படியே திரும்பி வந்தது. அவள் சொல்லியனுப்பியதை வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்:

"அம்மாவுக்குப் புண்ணியமாப் போகட்டும். இப்பக் குளிர் விட்டுடுச்சாம்."

கட்டைகளை நானே இறக்கி அடுக்கினேன்.