பனிக்காட்டில் அண்ணியின் பெயர்

என் அன்பு அண்ணிக்கு,

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பனியில் விழுந்தார். பயப்பட ஒன்றும் இல்லை, அடி படவில்லை. ஆனால் அவர் விழுந்த விதத்தை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும்.

ஆமாம், அண்ணன்தான். உங்கள் கணவர்தான். ஈப்போவிலேயே மெதுவாகப் பள்ளி பஸ் ஓட்டுபவர் யார் என்று கேட்டால் நம் புந்தோங் பிள்ளைகள் எல்லாரும் கைகாட்டும் அதே மனிதர். நாம் மோட்டாரை வெளியே எடுத்தாலே திரும்பி வரும்வரை வாசலில் நின்றுகொண்டிருப்பாரே, அவர். அவரைத்தான் மோட்டார் சைக்கிளை ஒட்டிய பக்கப்பெட்டியில் உட்கார வைத்துப் பனிச்சரிவில் இறக்கிக்கொண்டு போனேன். நம்ப முடிகிறதா?

நீங்கள் போன பிறகு இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஜெர்மனியில், நடுக்குளிர்காலத்தில், காட்டுக்குள்ளே ஒரு பள்ளத்தில், மோட்டார் சைக்கிளில் வந்து கூடாரம் போட்டுப் படுக்கும் அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்துக்கு நாம் இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் வாடகை வண்டியை ஓட்டியது நீங்கள். நான் பக்கத்துப் பெட்டியில் சும்மா வந்தவள். சும்மா என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். வளைவில் பெட்டி மேலே எழும்பாமல் இருக்க உடம்பை வெளியே தொங்கவிட்டு எடை கொடுக்கும் வேலை என்னுடையது. ஆனாலும் ஓட்டுவது வேறு, தொங்குவது வேறு இல்லையா? பனிக்கட்டியின் மேல் ஒரு முழம்கூட நான் ஓட்டியதில்லை.

உங்களுக்கு அது எப்படிக் கைவந்தது என்று அங்கே எல்லாருக்கும் ஆச்சரியம். குளிர் நாட்டில் பிறந்து வளர்ந்த ஆண்களே வழுக்கி விழும் இடத்தில் நீங்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவீர்கள். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காட்டுக்கு நடுவே, மழை ஓய்ந்த செம்மண் பாதையில் உங்கள் அப்பாவின் பழைய மோட்டாரை ஓட்டிப் பழகியவர் நீங்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "சேறும் ஐஸும் ஒண்ணுதான்லா, தேவி. முன் பிரேக்க மட்டும் தொட்டுறாத" என்பீர்கள்.

பனி ஆசை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கோழித் தொழிற்சாலையின் ஐஸ் ரூமில் கனத்த சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு அத்தனை வருடம் நின்றீர்கள். ஒரு நாள் வேலை விட்டு வந்து, மூக்கு சிவக்க, என்னிடம் சொன்னீர்கள். "இது பொட்டிக்குள்ள அடச்சு வச்ச குளிரு, தேவி. வானத்துக்குக் கீழ இருக்கற குளிர ஒரு வாட்டி பாக்கணும்." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டே, நினைவிருக்கிறதா? இரண்டாம் நாள் மாலை பெரிய தீயைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். அந்த ஆண்டில் இறந்துபோனவர்களின் பெயரை, அவர்களைச் சேர்ந்தவர் ஒருவர் உரக்கக் கூப்பிடுவார். கூட்டம் மொத்தமும் அதே பெயரைத் திரும்பக் கூப்பிடும். அவ்வளவுதான். பேச்சு கிடையாது, பூ கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு. சரிவில் வண்டியோடு இறங்கி வந்தவருக்குத்தான் பெயர் சொல்லும் உரிமை. மேலே நிறுத்திவிட்டு நடந்து வந்தவர்கள் கூடச் சேர்ந்து கூப்பிடலாம், முதலில் சொல்ல முடியாது. முதல் முறை அதைப் பார்த்தபோது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "இப்படிக் கூப்புட்டா செத்தவங்களுக்குக் கேக்கும்லா" என்றீர்கள்.

இதை உங்கள் கருமக்கிரியை அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணனிடம் சொன்னேன். அவர் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, அவரிடம் பேச்சை வரவழைப்பது கிணறு வெட்டுகிற வேலை. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"தேவி, அந்த நெருப்புகிட்ட பேரு கூப்புடுவாங்கன்னு சொன்னியே. இவ பேர யாரு கூப்புடுவா?"

"நான்தாண்ணே போகணும். ஆனா எனக்கு ஐஸ்ல ஓட்டத் தெரியாது."

"நீ ஓட்டு. நானும் வாரேன்."

"நீங்க எங்க ஒக்காருவீங்க?"

"நீ ஒக்காந்த எடத்துல."

பிறகு நாங்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள். ஐஸ்கிரீம் விற்கும் மாமாவிடம் பக்கப்பெட்டி வைத்த மோட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு, மழை பெய்த நாளாகப் பார்த்து, செம்பனைத் தோட்டத்துப் பாதைகளில் பழகினோம். அண்ணன் ஐஸ்கிரீம் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நான் "சாயிங்க" என்று கத்தும்போதெல்லாம் இடப்பக்கம் சாய்வார். உரம் போட வந்த பங்ளாதேஷ் பையன்கள் ஐஸ்கிரீம் கேட்டுக் கையை ஆட்டுவார்கள். இரண்டு பேரும் சேறாகி வீட்டுக்கு வருவோம். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில், நகத்தில் சேறோடு நின்ற என்னைப் பார்த்து டாக்டரே சிரித்தார்.

நம் ஊரில் பெட்டி இடப்பக்கம் இருக்கும். ஜெர்மனியில் வலப்பக்கம். எனக்கு இது தெரியாமல் இல்லை. அண்ணனிடம் விமானத்தில் சொன்னேன், கடையில் வண்டி எடுக்கும்போது சொன்னேன். "சரி சரி" என்றார். அவருடைய "சரி சரி" எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரிவின் தலையில், நுழைவாயிலில், அதே தாடிக்காரக் கிழவர்தான் நின்றிருந்தார். போன முறை நீங்கள் கொடுத்த நெத்திலிக் காரத் தொக்கை மறக்காதவர், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நெத்திலிச் சம்பல் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டபடி என் பின்னால் உங்களைத் தேடினார். நீங்கள் போய்விட்டதை நான் சொன்னேன். அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்தக் குளிரில், வழுக்கைத் தலையில் பனி விழ விழ, அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்தது, அண்ணி. நீங்கள் யார், எந்த ஊர் என்று முழுதாகத் தெரியாத ஒரு மனிதர்.

அன்றைக்குச் சரிவு மோசமாக இருந்தது. முந்தின நாள் பனி கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்து, பாதை முழுக்கக் கண்ணாடி. நிறையப் பேர் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கி, அந்தக் கண்ணாடியைப் பூட்ஸால் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கிழவர் கவனித்தார். "நீங்கள் நடந்து இறங்குங்கள். நான் வண்டியில் இறங்குகிறேன். அவர் பெயரை நான் சொல்கிறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"என்னா சொல்றாரு?" என்றார் அண்ணன். சொன்னேன்.

"அவரு எதுக்குச் சொல்லணும்? அவருக்கு அவ என்னா வேணும்?" என்று கேட்டுவிட்டு, "வண்டிய எடு. சாமி கும்புட்டுட்டுப் போலாம்" என்றார்.

கும்பிட்டதோடு விட்டாரா? பக்கப்பெட்டியின் அடியில் கையை விட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். புந்தோங் கோவிலிலிருந்து கொண்டு வந்ததாம். எனக்கே தெரியாமல் முந்தின நாளே அங்கே வைத்திருந்திருக்கிறார். முன் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, சுற்றி நின்ற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டி விலகி நிற்கச் சொன்னார். பிறகு கம்பீரமாகப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

நான் மெல்ல வண்டியை நகர்த்தினேன். நம் ஊரில் என்றால் பழம் நசுங்கும், நாம் பாட்டுக்குப் போவோம். இரவு முழுக்க வண்டியில் கிடந்த பழம் அங்கே நசுங்குமா? கல்லாக உறைந்து போயிருந்தது. முன் சக்கரம் அதன்மேல் ஏறி, வழுக்கி, திரும்பி, வண்டி தன் விருப்பத்துக்குப் பக்கத்துப் பனிமேட்டில் போய் முட்டியது. அண்ணன் தலைகுப்புறப் போய் விழுந்தார். வெளியே பூட்ஸ் இரண்டு மட்டும் தெரிந்தன.

என் உயிர் போய்விட்டது. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்து காலைப் பிடித்து இழுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் பனி. "எலுமிச்சம்பழமா இது? கல்லுலா!" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். நீங்கள் போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அது எங்கேயோ தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

சுற்றி நின்றவர்கள் வண்டியைத் தூக்கி நேராக வைத்தார்கள். என் பயம் போயிருந்தது. விழுவதற்கு இனி என்ன இருக்கிறது, விழுந்தாயிற்றே! முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்தில் சுற்றிய சங்கிலி கரகரவென்று பிடித்து இழுக்க, இறங்கினேன். முன் பிரேக்கின் பக்கம் விரலே போகவில்லை. நடுவில் அந்த வலப்பக்க வளைவு வந்தது. நாம் போன இரண்டு முறையும் நீங்கள் என்னைப் பார்த்துச் சாயச் சொல்லிக் கத்திய அதே இடம்.

"அண்ணே, சாயிங்க!"

அண்ணன் சாய்ந்தார். ஐஸ்கிரீம் பெட்டியில் பழகிய விசுவாசத்தோடு இடப்பக்கம், என் மடிமேல் சாய்ந்தார். பெட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்புவது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பக்கம்ணே! அந்தப் பக்கம்!"

ஐந்து நிமிடம் பஸ் தாமதமானால் வேர்த்துப் போகிற மனிதர் அவர், அண்ணி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகா என்று கத்திக்கொண்டு, வலப்பக்கம் பாய்ந்து இடுப்புவரை வெளியே தொங்கினார். பெட்டி தொப்பென்று கீழே உட்கார்ந்தது. வளைவு முடிந்துவிட்டது. கீழே கூடாரங்களுக்கு நடுவே போய் நின்றபோது, அவர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தார். கண்ணைத் திறக்கச் சொல்லி நான்தான் தட்டினேன்.

அங்கே சீக்கிரமே இருட்டிவிடும். தீ மூட்டினார்கள். ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பெயர் சொன்னார்கள். ஒருவர் தன் தகப்பன் பெயரை, ஓர் அம்மா தன் மகன் பெயரை. ஒவ்வொரு பெயரையும் கூட்டம் திரும்பக் கூப்பிட்டது. என் முறை வந்தது. இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன்? மூச்சை இழுத்து, உரக்கக் கூப்பிட்டேன்.

"அண்ணி!"

நான் என்ன செய்வேன்? நீங்கள் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளாவது உங்கள் பெயரை என் வாயில் எடுத்திருக்கிறேனா? எனக்கு நீங்கள் அண்ணிதான். வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. அந்த முரட்டுக் கூட்டம் மொத்தமும், தாடியும் மீசையும் தோல் சட்டையுமாக நின்ற அத்தனை பேரும், காடு அதிர "அண்ணி!" என்று திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அண்ணன் என் தோளைத் தொட்டார். "அது பேரில்லலா, தேவி" என்றார் மெதுவாக. பிறகு தீயின் பக்கம் ஓர் அடி முன்னால் போனார். அவர் மட்டும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா என்ன? அடுக்களைப் பக்கம் பார்த்து "இந்தா" என்பார், கடைத்தெருவில் "இந்தாம்மா" என்பார், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்திலும் "இந்தா, பாரு" என்றுதான் சொன்னார். நான் அங்கேதானே நின்றிருந்தேன்.

"அம்சவேணி!"

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூட்டம் தங்களால் முடிந்த மாதிரி "அம்சவேணி!" என்றது. பெயர் ஒரு முறைதான் சொல்ல வேண்டும். ஆனால் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். தாடிக்காரக் கிழவர் தடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாரும் கூடவே கூப்பிட்டார்கள்.

கூடாரத்துக்குத் திரும்பி வைக்கோல்மேல் உட்கார்ந்த பிறகு கேட்டார். "அவளுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்ணே."

"வீட்டுல ஒரு நாளு கூப்புட்டிருக்கலாம்லா" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நான் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு, குளிர்கிறது என்று ஒரு தடவைகூடப் புலம்பாமல் நன்றாகத் தூங்கினார்.

கேட்டதா, அண்ணி? எந்தப் பக்கம் இருந்து கேட்டது?

இப்போது புந்தோங்கில் வெயில் காய்கிறது. நான் கிளினிக்குக்குப் போகிறேன், அண்ணன் பஸ் ஓட்டுகிறார். கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். காலையில் அடுக்களையில் தேநீர் கலக்கும்போது அவர் யாரிடமோ பேசுவது என் அறைக்குக் கேட்கிறது. "அம்சவேணி, சீனி எங்க வச்ச?" "அம்சவேணி, மழ வருது போல." இத்தனை வருடம் சேர்த்து வைத்த அத்தனை முறையையும் இப்போது கூப்பிட்டுத் தீர்க்கிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற குளிர்காலத்திலும் அவரைப் பெட்டியில் உட்கார வைத்து, அந்தச் சரிவில் பத்திரமாக இறக்கி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். தினமும் காலையில் அவர் உங்களோடு பேசி, தேநீரைக் குடித்து முடித்து வெளியே வரும்வரை, நான் விழித்தே இருந்தாலும், என் அறைக் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்களை அண்ணி என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்த,
உங்கள் நாத்தனார்
தேவி