அத்தை வந்தபின் நிரம்பிய டேங்க்

மார்ச் 3, திங்கள்

டாய்லெட்டில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய செப்டிக் டேங்க். இருப்பது மூன்றே பேர்: நான், மனைவி, போன மாதம் எங்களோடு குடிவந்த அவள் அம்மா. மாமா தவறியபின் அத்தையைத் தனியாக விட அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான். ஆனால் அத்தை வந்த பிறகுதானே இந்தத் தொல்லை?

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். "அத்தை, சும்மா சும்மா ஃப்ளஷ் பண்ணாதீங்க. டேங்க் தாங்காது."

"சரிங்க மாப்பிள்ளை" என்றார். மனைவி முறைத்தாள். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல்.

மார்ச் 9, ஞாயிறு

கொஞ்சம் பரவாயில்லை. இறங்குகிறது.

மார்ச் 12, புதன்

அத்தைக்கு மயக்கம். கூடத்துச் சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சிறுநீரில் தொற்றாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மெல்லச் சொன்னார்: "குடிச்சா போகணுமேடி. டேங்க் தாங்காதுன்னாரே... நான் பழைய வீட்டுக்கே போயிடறேன்."

மனைவி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உங்க கணக்குல எங்கம்மா எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன மனுஷன்? ஒருத்தங்க தாகத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் 'பரவாயில்லை'ன்னு எழுதி வச்சிருக்கேன்.

மார்ச் 14, வெள்ளி

டேங்க் சுத்தம் செய்யும் லாரி வந்தது. மூடியைத் திறந்த லாரிக்காரர் குனிந்து பார்த்தார்.

"துணி துவைக்கிற மெஷின் தண்ணியையும் இதுக்குள்ளயே விட்டிருக்கீங்களா சார்? நூலும் பிசிறுமா போயி, வெளிய போற குழாய அடைச்சிருக்கு. எந்த மேதாவி பண்ணின வேலை?"

அந்த மேதாவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். ஜனவரியில் மெஷின் வாங்கியபோது, தனிக் குழாய் போட ப்ளம்பர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அதுவரை பொறுக்க முடியாமல், அரை மணி நேரத்தில் நானே டாய்லெட் குழாயோடு சேர்த்துவிட்டேன். சொந்த வீட்டில் கோட்டைவிட்டவன், பம்ப் கம்பெனியில் டிசைன் என்ஜினீயர்!

நேரே அத்தையிடம் போனேன். "தப்பு என்னுது அத்தை. டேங்கும் நல்லாத்தான் இருக்கு, நீங்களும் ஒண்ணும் பண்ணல. நான் போட்ட குழாய்தான்."

என்னையே பார்த்தார். "முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே, காபிய ஆறவிடாம குடிச்சு நாக்கச் சுட்டுக்கிட்டவர்தானே நீங்க."

மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் அத்தை போகமாட்டேன் என்று சொல்லவில்லை. பழைய வீட்டுக்குப் போகக் கட்டிய துணிப்பை அப்படியே இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மெஷினுக்குத் தனிக் குழாய். ப்ளம்பருக்கு முழு நாள் பிடித்தது. 'சீக்கிரம்' என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலை எட்டேகால். துண்டோடு குளிக்கப் போனேன். அத்தை முந்திக்கொண்டார். "கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை, எனக்கு நேரமாகும்."

உள்ளே வாளி நிரம்பி வழிகிற சத்தம். நடுவில் ஏதோ பாட்டு வேறு.

"ஆபீசுக்கு லேட்டாகலையா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

ஆகிவிட்டது. கதவைத் தட்டவில்லை.