பின்னால் நிற்பவன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். மூட்டு வலி தேவலையா? மாடி ஏறாதீர்கள்.

போன ஆட்டத்தில் புருவத்தில் சின்னத் தையல். அம்மாவிடம் பந்து உரசியது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் கோல்கீப்பர் நேராகக் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டான். நான் பாய்ந்து தலையால் தள்ளியதில் கோல் கம்பத்தில் இடித்துக்கொண்டேன்.

"வழுக்கிடுச்சுண்ணே," என்றான். அவன் கையுறை காய்ந்துதான் இருந்தது. போன மாதமும் இப்படித்தான் விட்டான்.

அவன் வேண்டுமென்றே விடுகிறான் என்று கோச்சிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. உன் கான்ட்ராக்ட் வேற முடியப்போகுது."

அவனும் நானும் ஒரே அறை. அவன் போட்டுத் தரும் காபியைக்கூட இப்போது யோசித்துத்தான் குடிக்கிறேன். என் பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு அனுப்புங்கள். இங்கே கடைக்குப் போனால் அவனும் கூடவே வருகிறான். பார்சலில் உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள்.

இன்று மறுபடி ஆட்டம். இத்தனை வருடம் பின்னால் ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில் முன்னால் மட்டும் பார்த்துத் தடுத்தேன். இனி அது முடியாது.

பஸ் ஹாரன் அடிக்கிறது. பக்கத்தில் எனக்கு இடம் பிடித்துவைத்துவிட்டு, ஜன்னல் வழியாக அவன்தான் கூப்பிடுகிறான்.

உங்கள் மகன்